அட்வான்ஸ் காசை ஊரில் கொடுத்துவிட்டு லண்டனுக்கு ஏறாதீர்கள்

மாமாங்கத் தீர்த்தத்துக்கு என்று மூன்று கிழமை லீவு எடுத்து லண்டனிலிருந்து மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்தேன். வந்த நாள் தொட்டு வீட்டு வாசலில் செருப்புக் குறையவில்லை. நாவற்குடாவிலிருந்து ஒரு பிள்ளை, ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பியும் அவருடைய அப்பாவும், காரைதீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். எல்லோருக்கும் செப்டம்பரில் லண்டனில் படிப்பு. ஜாக்கெட்டை இங்கே வாங்குவதா அங்கே வாங்குவதா, ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா, குளிருக்கு மூக்கால் இரத்தம் வருமாமே உண்மையா, இப்படித்தான் கேள்விகள். நானும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் பின்வளவு மாமி வந்தார். மகளுக்கு விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. "ரூமும் சரி புள்ள. நம்மட ஆக்கள்தான். கல்முனையில அவங்கட தங்கச்சி வீட்டில மூணு மாசத்துக் காசக் குடுத்திட்டன்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2023 செப்டம்பரில் என் அம்மாவும் இதே மாதிரி ஒரு வீட்டு விறாந்தையில் உட்கார்ந்துதான் காசை எண்ணிக் கொடுத்தார். அந்தக் கதையை எழுதத்தான் இதைத் தொடங்கினேன். மற்றதெல்லாம் கம்பஸ் அனுப்பும் மெயிலில் இருக்கிறது, ஆனாலும் யாரும் படிக்கமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் ஓடிச் சொல்லிவிடுகிறேன்.

விசாவுக்குக் காட்டும் காசு 28 நாள் அசையாமல் கணக்கில் கிடக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் தொகை குறைந்தாலும் கதை முடிந்தது, மாமாவுக்கு அவசரம் என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். காசநோய்ப் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். எனக்கு பயோமெட்ரிக் அட்டை தந்தார்கள், இப்போது அது கிடையாது, எல்லாம் ஈ-விசா. விமானம் ஏற முதலே அந்த ஈ-விசாக் கணக்கைத் திறந்து, கையிலிருக்கும் பாஸ்போர்ட்டோடு அது இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்துதான் உங்கள் விசா நிலையை மற்றவருக்குக் காட்டும் 'ஷேர் கோட்' என்ற குறியீட்டை எடுக்கலாம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இறங்கின முதல் கிழமையிலேயே ஒரு ஜீபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிந்துவிடுங்கள். வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்டித்தானே விசா எடுத்தீர்கள், இருமல் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? பதிவதற்கு விலாச அத்தாட்சி கட்டாயம் இல்லை, ரிசெப்ஷனில் இருப்பவர் கேட்டாலும்கூட. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மாணவர் ஆய்ஸ்டர் அட்டை எடுத்தால் கிழமை, மாதப் பாஸில் 30 வீதம் குறையும். ஒவ்வொரு தடவையும் தட்டிப் போகிறவருக்கு அதில் ஒரு சதமும் குறையாது. நான் இரண்டு மாதம் அட்டையைத் தட்டித் தட்டி, குறைகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாமான் விஷயத்தில் அம்மாமாருக்கு ஒன்று. தயிர்ச்சட்டியைக் கட்டிக் கொடுக்காதீர்கள். பால் சாமான், இறைச்சிச் சாமான் உள்ளே விட மாட்டார்கள், நெய்யும் அதில் சேர்த்திதான். கருவாடு போகும். ஆனால் நாலு பை சுற்றாமல் வைத்தால் நீங்கள் லண்டனில் முதல் நாள் வகுப்புக்குப் போடும் சட்டை வாழைச்சேனைத் துறைமுகம் போல மணக்கும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் வீடு வாடகைக்கு எடுப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ அட்வான்ஸ், தெரிந்த ஆள், பேப்பர் என்று கேட்டால் "நம்பிக்கை இல்லையா?" என்று மூஞ்சி சுருங்கும். போடிங் என்றால் அதுவும் கிடையாது, மாதம் பிறந்தால் அன்ரியின் கையில் காசு, அவ்வளவுதான். யாராவது பிசகினால் கோயில் வீதியில் வைத்துக் கேட்கலாம், கலியாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்கலாம். அந்தக் கூச்சம்தான் நமக்கு ரசீது. கட்டுநாயக்காவில் ஏறினவுடன் அந்த ரசீது செல்லாது, அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி மூலம் ஓர் அக்காவின் நம்பர் கிடைத்தது. களுவாஞ்சிகுடிப் பக்கம், ஈஸ்ட் ஹாமில் பல வருடம் இருக்கிறவர். வட்ஸ்அப்பில் பேசினார். "என்ன கா, நம்மட புள்ளய ரோட்டிலயா விடப்போறன்?" என்று கேட்டார் பாருங்கள், மட்டக்களப்புப் பேச்சின் அந்தக் 'கா'விலேயே நான் விழுந்துவிட்டேன். அதுவரை பேசின நாலைந்து லண்டன்காரரும் வேறு ஊர்த் தமிழ். இருபது விநாடி வீடியோ ஒன்று அனுப்பினார்: ஒரு கட்டில், ஒரு ஜன்னல், நீலத் திரைச்சீலை. மாதம் 650 பவுண், கரண்ட், தண்ணி, இன்டர்நெட் எல்லாம் உள்ளே. மூன்று மாத வாடகையும் ஒரு மாத டிபாசிட்டும் முதலிலேயே, ஆக 2,600 பவுண். அப்புறம் சொன்னார், "லண்டனுக்கு அனுப்பினா பாங்க் கமிசன் வெட்டும், நீங்க ஊரிலேயே என்ட தம்பிட்ட ரூபாயாக் குடுங்க, அவனுக்கு வீட்டு வேலை நடக்குது."

பவுணுக்கு 400 ரூபாய் என்று போட்டு 10,40,000 ரூபாய். அம்மாவின் இரண்டு காப்பும் ஒரு சங்கிலியும் அடகுக்குப் போயின. தம்பியார் வீட்டில் எங்களை நன்றாகத்தான் கவனித்தார்கள், பணியாரமும் கதலி வாழைப்பழமும் தட்டில் வைத்தார்கள். அப்பா "ஒரு துண்டு எழுதித் தந்தா..." என்று வாயெடுத்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தார். வாயில் பணியாரத்தை வைத்துக்கொண்டு எப்படி ரசீது கேட்பது? அப்பா அடங்கிவிட்டார்.

போய் இறங்கினால் நீலத் திரைச்சீலை அறையில் வேறு இரண்டு பேர் இருக்கிறார்கள். எனக்கு முன் ஹோலைப் பலகை வைத்து இரண்டாகப் பிரித்ததில் ஒரு பாதி. கட்டில் கிடையாது, நிலத்தில் மெத்தை. ஒன்பது பேருக்கு ஒரு குளியலறை, காலையில் துவாயோடு படிக்கட்டில் வரிசை. பக்கத்துப் பாதியில் இருந்த அக்கா ஊரைக் கேட்டார். மட்டக்களப்பு என்றேன். "ஐயோ, பாயோட ஒட்ட வைக்கிற ஊர்" என்று சிரித்தார். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்ற இந்தப் பகிடியை லண்டனில் தமிழர் வாயால் இதுவரை நூறு தரமாவது கேட்டிருப்பேன், முதல் கேள்வியே "யாழ்ப்பாணத்தில எவடம்?" என்பதுதான், மட்டக்களப்பு என்றதும் இந்தப் பகிடி வரும். அன்றைக்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை. நிலத்தில் ஒட்டிக் கிடந்தது நான், ஒட்டவைத்தது என் ஊர்க்காரி.

இரண்டு மாதம் போனது. நவம்பரில் கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்து எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு போனார். ஐந்து பேரோ அதற்கு மேலோ வெவ்வேறு குடும்பத்து ஆட்கள் ஒரே குசினியையும் குளியலறையையும் பாவித்தால் அந்த வீட்டுக்குக் கவுன்சில் லைசன்ஸ் வேண்டும். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, வீடு அக்காவின் வீடே இல்லை. அவரும் வாடகைக்கு இருப்பவர், சொந்தக்காரரிடம் நாலு பேர்க் குடும்பம் என்று சொல்லி எடுத்திருக்கிறார். சொந்தக்காரர் அவரை எழுப்ப, அவர் எங்களை எழுப்பினார். பத்து நாள் தவணை. என்னுடைய ஒரு மாத வாடகையும் டிபாசிட்டும் சேர்த்து 1,300 பவுண் அவரிடம் நின்றது. கேட்டேன். "நானே நடுரோட்டில நிக்கிறன் கா, மறுகா பாப்பம்" என்றார். பொய் என்று சொல்ல மாட்டேன், அவரும் உண்மையிலேயே சாமான்களை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டுதான் நின்றார்.

கம்பஸில் மாணவர் சங்கத்தின் ஆலோசனை அறைக்குப் போனேன். ஒரு வெள்ளைக்காரப் பெண், மிகப் பொறுமையானவர், ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு கேட்டார். ஒப்பந்தம் இருக்கிறதா? இல்லை. ரசீது? இல்லை. பாங்க் ட்ரான்ஸ்பர்? இல்லை. மெசேஜ்? எல்லாம் வொய்ஸ் மெசேஜ், தமிழில், அதிலும் தொகை வரவேண்டிய இடத்தில் அக்கா "நான் சொன்ன மாதிரி" என்றுதான் சொல்கிறார். காசை யாரிடம் கொடுத்தீர்கள்? அவருடைய தம்பியிடம். எங்கே? இலங்கையில். பவுணாகவா? ரூபாயாக. அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். 10,000 பவுண் வரைக்கும் சிறு வழக்காக ஒன்லைனிலேயே போடலாம், ஆனால் என்ன ஆதாரத்தோடு போடப்போகிறீர்கள் என்று கேட்டார். நான் அழுதேன், அவர் டிஷ்யூப் பெட்டியைத் தள்ளிவைத்தார்.

ஊரில் கேட்கலாமே என்பீர்கள். அம்மா போனார். தம்பியார் "நான் கைமாத்தினவன்தானே மாமி, அது அக்காட விசயம்" என்றாராம். அந்தக் காசு அப்போதே சீமெந்தாகிவிட்டது. போன கிழமை பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், மேல்மாடிக்கு வெளிப்படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள், கைபிடிக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. அக்கா இதுவரை 400 பவுண் தந்திருக்கிறார், ஐம்பது ஐம்பதாக. ஒவ்வொரு தடவையும் அனுப்பிவிட்டு ஒரு கைகூப்பின படமும் அனுப்புவார்.

இப்போது, இதையெல்லாம் கடந்து நான் கற்றது. கவனமாக வாசியுங்கள், மாமியின் மகளுக்கும் இதைத்தான் சொன்னேன்.

இங்கிலாந்தில் முறையான வாடகை ஒப்பந்தம் என்றால் டிபாசிட் ஐந்து கிழமை வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. மாதம் 650 என்றால் கிழமைக்கு 150, ஆக 750 பவுணோடு சரி. அந்தக் காசையும் வீட்டுக்காரர் தன் பையில் வைத்திருக்கக்கூடாது, 30 நாளுக்குள் அரசாங்கம் அங்கீகரித்த மூன்று டிபாசிட் திட்டங்களில் ஒன்றில் பதிந்து உங்களுக்கு விபரம் தர வேண்டும். தராவிட்டால் நீதிமன்றம் அந்த டிபாசிட்டின் மூன்று மடங்கு வரை தண்டம் போடலாம். 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முற்பணமாகக் கேட்கவும் முடியாது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் வீட்டுக்காரர் அதே வீட்டில் இருந்துகொண்டு உங்களுக்கு ஓர் அறை தந்தால் நீங்கள் 'லொட்ஜர்', ஐந்து கிழமை உச்சவரம்பைத் தவிர இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி உங்களுக்குக் கிடையாது, டிபாசிட்டை எந்தத் திட்டத்திலும் பதிய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நம் ஆட்கள் நமக்குத் தருவது பெரும்பாலும் இந்த அறைதான். வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்லவர்கள் இருக்கிறார்கள், நான் இப்போது இருப்பதும் டூட்டிங்கில் ஒரு தமிழ் ஆச்சியின் வீட்டு மேலறைதான். அவர் முதல் நாளே என் ஷேர் கோட்டைக் கேட்டு வாங்கினார். லொட்ஜராக வைப்பதாக இருந்தாலும் உங்களுக்கு நாட்டில் இருக்க உரிமை இருக்கிறதா என்று வீட்டுக்காரர் பார்க்க வேண்டும், அது சட்டம். ஆகவே ஷேர் கோட் கேட்காமல் காசு மட்டும் கேட்கிறவர் உங்களை எந்தக் கணக்கிலும் எழுதப்போவதில்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

வீடு யாருடையது என்று பார்க்க வழியிருக்கிறது. அரசாங்கக் காணிப் பதிவகத் தளத்தில் விலாசத்தைப் போட்டு 7 பவுண் கட்டினால் சொந்தக்காரர் பெயர் வரும். 10,40,000 ரூபாய் போன இடத்தில் 7 பவுண்! அந்தப் பெயரும் உங்களோடு பேசுகிறவர் பெயரும் வேறு என்றால், வாடகைக்கு விடச் சொந்தக்காரர் எழுதின சம்மதத்தைக் கேளுங்கள். கேட்டதும் குரல் மாறினால் போனை வைத்துவிடுங்கள்.

அறையைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். "அப்ப இறங்கின இரவு எங்க படுக்கிறது அக்கா?" என்று காரைதீவுத் தம்பி கேட்டார், நல்ல கேள்வி. முதல் பத்து நாளுக்கு ஹொஸ்டலிலோ, தெரிந்தவர் வீட்டுச் சோபாவிலோ இருங்கள். செலவுதான், பரவாயில்லை. கம்பஸ் விடுதி கிழமைக்கு 200 பவுணுக்கு மேல் போகும், வருட ஒப்பந்தமும் கேட்பார்கள், வசதி இருந்தால் முதல் வருடம் அதுதான் நிம்மதி. அந்தப் பத்து நாளில் வீடு பாருங்கள். பார்க்கப் போகும்போது குளியலறைக்கு வெளியே எத்தனை பல் துலக்கும் பிரஷ் இருக்கிறது என்று எண்ணுங்கள், சிரிக்காதீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்பதை அதைவிடச் சரியாக யாரும் சொல்லமாட்டார்கள். காசைக் கொடுக்கும்போது உங்கள் லண்டன் பாங்க் கணக்கிலிருந்து அவருடைய லண்டன் கணக்குக்கு, 'டிபாசிட்' என்று குறிப்பெழுதி அனுப்புங்கள். கணக்குத் திறக்க நாள் எடுக்கும் என்றால் அதுவரை கொடுக்காதீர்கள். கையில்தான் வேண்டும் என்றாலோ, ஊரில் தங்கச்சியிடம், மச்சானிடம், கோயில் ஐயரிடம் கொடுக்கச் சொன்னாலோ, வேண்டாம்.

வேலை பற்றியும் கேட்கிறீர்கள், அதில் சுருக்கமாக இரண்டு. படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம், திங்கள் முதல் ஞாயிறு வரை, அந்தக் கிழமை பத்து அடுத்த கிழமை முப்பது என்று சமப்படுத்த முடியாது. மாஸ்டர்ஸ் பிள்ளைகள் கோடையில் வகுப்பில்லை என்று முழு நேரம் செய்கிறார்கள், ஆய்வுக் கட்டுரை எழுதும் அந்த மாதங்களும் படிப்புக் காலம்தான், 20க்கு மேல் போகக்கூடாது. இரண்டாவது, சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் வேலை. மாணவர் விசாவில் சொந்தத் தொழில் செய்யக்கூடாது, அது சொந்தத் தொழில் கணக்கில்தான் வரும். "என்ட அக்கவுண்ட வாடகைக்கு எடு, கிழமைக்கு இவ்வளவு தா" என்று ஓர் அண்ணன் கட்டாயம் வருவார், அவரும் நம் ஆளாகத்தான் இருப்பார். விசா போனால் அவர் வரமாட்டார்.

குளிருக்கு ஜாக்கெட் அங்கே போய் வாங்குங்கள், இங்கே விற்பது நுவரெலியாக் குளிருக்குச் சரி. எனக்குக் குளிரை விட இருட்டுத்தான் கஷ்டமாக இருந்தது. ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள், டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கே சூரியன் போய்விடும். அந்த நேரம் ஊரில் இரவு ஒன்பதரை. அம்மா கதவெல்லாம் பூட்டிவிட்டு, படுக்க முன் எடுக்கும் கோல் அப்போதுதான் வரும். இருட்டில் பஸ் தரிப்பில் நின்றுகொண்டு "நல்லா இருக்கன்" என்று சொல்வேன். பின்னணியில் எங்கள் தெருநாய் குரைப்பது கேட்கும். பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு நடக்கும் ஞாபகம் வரும், வாவி இறாலில் அம்மா வைக்கும் சொதி ஞாபகம் வரும். ஈஸ்ட் ஹாம் ஹைஸ்ட்ரீட் நோர்த்தில் எல்லாம் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும்தான், உறைந்த பெட்டியில், பனிக்கட்டிக்குள் வால் மட்டும் தெரிய. அப்படியான நேரத்தில்தான் ஒரு மனுசருக்கு "நம்மட ஆக்கள்" என்ற சொல் வேலை செய்யும், அதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மாமி மறுபடி வந்தார். மகள் லண்டன்காரருக்கு மெசேஜ் போட்டு வீட்டு விலாசமும் சொந்தக்காரர் பெயரும் கேட்டிருக்கிறாள். நீல 'டிக்' இரண்டு விழுந்து ஆறு மணித்தியாலமாகிறது, பதில் இல்லை. நாளைக்குக் காலையில் கல்முனைக்குப் போவது என்று முடிவு, நானும் கூடப் போகிறேன். மாமி அந்தத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுக்க ஒரு சட்டி தயிர் வாங்கி வைத்திருக்கிறார், வெறுங்கையோடு எப்படிப் போவது என்கிறார். நான் சந்திக் கடையில் 120 ரூபாய் கொடுத்து ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். காசைத் திருப்பித் தராவிட்டால் பெற்றுக்கொண்டதாகவாவது எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்காமல் நான் அங்கே தேத்தண்ணி குடிக்கமாட்டேன் என்று மாமியிடம் சொல்லியிருக்கிறேன். "அவங்க பணியாரம் வச்சா?" என்று கேட்டார்.